வேலை என்ற மூட்டை அவிழ்கிறது, மனிதவளத் துறைக்கு அடுத்து என்ன?

ஒரு நாள் செய்தியைத் திறந்தால், பெரிய நிறுவனம் ஒன்று எல்லோரும் வாரம் ஐந்து நாளும் அலுவலகத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்கிறது. மறுநாள், வாரம் நான்கு நாள் வேலை வெற்றி என்று ஒரு சோதனை முடிவு வருகிறது. அதற்கடுத்த நாள், வேலையில் இருந்துகொண்டே மனத்தளவில் வேலையை விட்டுவிட்டவர்களைப் பற்றி ஒரு கட்டுரை, பக்கத்திலேயே மனிதர் கண்ணே படாமல் விண்ணப்பங்களைக் கழித்துக்கட்டும் மென்பொருள் பற்றி இன்னொன்று. படிக்கிறவருக்குத் தலை சுற்றும். எது நிலைக்கும், எது நாலு நாள் பேச்சு என்று பிரித்துப் பார்ப்பதும் எளிதாக இல்லை.

இவை எல்லாவற்றையும் "வேலையிடப் போக்குகள்" என்று ஒரே கூடையில் போடுவதுதான் குழப்பத்தின் பாதி. உண்மையில் இவை தனித்தனி மாற்றங்கள். ஒவ்வொன்றின் வேகமும் வேறு, பாதிக்கப்படும் ஆட்களும் வேறு. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான், அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

மூட்டையில் என்ன இருந்தது

நாம் "வேலை" என்று சாதாரணமாகச் சொல்வது தொழிற்சாலைக் காலத்தில் கட்டப்பட்ட ஒரு மூட்டை. அதற்கு முன்பும் மக்கள் உழைத்தார்கள், ஆனால் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு வாசலுக்குள் நுழைந்து குறிப்பிட்ட நேரத்துக்கு வெளியே வருவது என்ற பழக்கம் பெரும்பாலானவர்களுக்கு இல்லை. 1911-இல் ஃபிரெடரிக் டெய்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர், தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் கடிகாரம் வைத்து அளக்கலாம் என்ற தன் "அறிவியல் மேலாண்மை"யை எழுதி வெளியிட்டார். 1919-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு போட்ட முதல் உடன்படிக்கையே வேலை நேரத்தைப் பற்றியதுதான்: தொழிற்சாலைகளில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. 1926-இல் ஃபோர்டு நிறுவனம் ஐந்து நாள், 40 மணி நேர வாரத்தைத் தன் தொழிற்சாலைகளில் கொண்டுவந்தது. நாம் இயற்கை போல எடுத்துக்கொள்ளும் ஐந்து நாள் வாரத்துக்கு வயது நூறுதான்.

இந்த மூட்டையில் ஐந்து முடிச்சுகள் இருந்தன:

1. இடம். வேலை நடப்பது முதலாளியின் கூரைக்குக் கீழே.
2. நேரம். தொடக்கமும் முடிவும் உண்டு, நடுவில் இருப்பதற்குத்தான் சம்பளம்.
3. முதலாளி. ஒரு ஆளுக்கு ஒரு நிறுவனம், அவர் பெயர் அதன் பதிவேட்டில்.
4. பதவி. ஒரு பெயர், அதற்குக் கீழே ஒரு படி, மேலே ஒரு படி.
5. மதிப்பிடும் ஆள். நம்மைத் தினமும் பார்க்கும் ஒரு மேலதிகாரி.

மனிதவளத் துறை வளர்ந்தது இந்த ஐந்தின் மேல்தான். முன்பு அதன் பெயர் பர்சனல் டிபார்ட்மெண்ட். வருகைப் பதிவேடு, லீவு, ஓவர்டைம், சம்பளப் பட்டியல், பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை என்று அதன் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், ஏதாவது ஒரு முடிச்சு இல்லாமல் அந்தக் கருவி வேலை செய்யாது. ஆள் எங்கே, எப்போது இருந்தார் என்று தெரியாவிட்டால் வருகைப் பதிவேட்டுக்கு அர்த்தமில்லை. ஆள் உங்கள் ஊழியரே இல்லை என்றால் லீவு விதி அவரைத் தொடாது. இப்போது ஐந்து முடிச்சுகளும் ஒரே காலத்தில் தளர்கின்றன, ஆனால் ஒரே அளவில் இல்லை.

முதல் முடிச்சு: இடம்

வீட்டிலிருந்து வேலை என்பதைக் கொரோனா கண்டுபிடிக்கவில்லை. தொலைவிலிருந்து வேலை செய்வதற்கு "டெலிகம்யூட்டிங்" என்று ஜாக் நில்லஸ் பெயர் வைத்தது 1973-இல். பிறகு பல நிறுவனங்கள் முயன்றன, சில பின்வாங்கின. 2013-இல் யாஹூவும் 2017-இல் ஐபிஎம்மும் தொலைவில் இருந்த ஊழியர்களைத் திரும்ப அழைத்தபோது, இந்த யோசனை செத்துவிட்டது என்றே பலர் எழுதினார்கள். 2020 அதை மாற்றியது. மாற்றியது என்பதைவிட, கேட்காமலேயே எல்லோர் மீதும் திணித்தது என்று சொல்லலாம்.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். "ரிமோட்" என்றால் முழுவதும் வெளியிலிருந்து. "ஹைப்ரிட்" என்றால் சில நாள் அலுவலகம், சில நாள் வீடு. செய்திகள் இரண்டையும் கலந்து எழுதுவதால்தான் ஒரு ஆய்வு நல்லது என்றும் இன்னொன்று கெட்டது என்றும் சொல்வதுபோல் தெரிகிறது.

ரிமோட் பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு, ஸ்டான்ஃபோர்டின் நிக்கலஸ் புளூம் குழு 2015-இல் வெளியிட்டது. சீனப் பயண நிறுவனமான சிட்ரிப்பின் அழைப்பு மையத்தில், வீட்டிலிருந்து செய்ய விரும்பிய கிட்டத்தட்ட 250 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒன்பது மாதம் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் செயல்திறன் 13% உயர்ந்தது, வேலையை விட்டவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். எல்லோரும் இதை மட்டும் எடுத்துச் சொல்வார்கள். அதே ஆய்வில் இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது, எச்ஆருக்கு, அதாவது மனிதவளத் துறைக்கு, அவைதான் முக்கியம் என்பேன்.

ஒன்று, ஒரே செயல்திறன் உள்ளவர்களை ஒப்பிட்டால், வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு வாய்ப்பு குறைந்திருந்தது. கண்ணில் படாதவர் மனதிலும் படவில்லை. இரண்டு, சோதனை முடிந்து, இனி அவரவர் விருப்பம் என்றதும் பாதிக்கும் மேற்பட்டோர் இடம் மாறிக்கொண்டார்கள். வீடுதான் வேண்டும் என்று ஆசையாக முன்வந்தவர்களில் பலர் தனிமை தாங்காமல் அலுவலகத்துக்கே போனார்கள். அப்படி அவரவர் தேர்ந்தெடுத்த பிறகு செயல்திறன் உயர்வு 22% ஆனது. எந்த இடம் சிறந்தது என்று பொதுவாக ஒரு விடை இல்லை, எந்த ஆளுக்கு எந்த இடம் என்பதுதான் கேள்வி என்று அந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

ஹைப்ரிட் பற்றி அதே ஆய்வாளரின் குழு அதே நிறுவனத்தில் இன்னொரு சோதனை செய்து 2024-இல் வெளியிட்டது. இந்த முறை 1,612 பட்டதாரி ஊழியர்கள், அவர்களில் பொறியாளர்களும் நிதித் துறையினரும் உண்டு. ஒரு பாதிக்கு ஐந்து நாளும் அலுவலகம், மறு பாதிக்கு வாரத்தில் இரண்டு நாள் வீடு. செயல்திறன் மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் வித்தியாசமே இல்லை. வேலையை விட்டவர்கள் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். அதிலும் மேலாளர் அல்லாதவர்கள், பெண்கள், வெகுதூரம் பயணம் செய்பவர்கள் ஆகியோரிடம் இந்தக் குறைவு நன்றாகத் தெரிந்தது. இன்னொன்று: சோதனைக்கு முன்பு மேலாளர்கள் ஹைப்ரிட் உற்பத்தித்திறனை 2.6% குறைக்கும் என்று நினைத்தார்கள், முடிந்த பிறகு அது 1% கூட்டும் என்று மாற்றிச் சொன்னார்கள். பயந்தவர்களே அனுபவித்துவிட்டு மனம் மாறினார்கள்.

சரி, அப்படியானால் அமேசான் போன்ற நிறுவனம் 2025 ஜனவரி முதல் அலுவலக ஊழியர்கள் ஐந்து நாளும் வரவேண்டும் என்று ஏன் சொன்னது? நிறுவனங்கள் சொல்லும் காரணம் கலாச்சாரம், கூடிப் பேசுதல், புதியவர்கள் கற்றுக்கொள்ளுதல். இதில் கடைசியை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். பக்கத்து மேசையில் ஒருவர் கோபமான வாடிக்கையாளரைச் சமாளிப்பதைக் காதில் வாங்கிக் கற்றுக்கொள்ளும் பாடம் எந்தப் பயிற்சி வீடியோவிலும் கிடைக்காது. ஊழியர்கள் பக்கத்தில் வேறு சந்தேகம் ஓடுகிறது: ஆட்குறைப்பு என்று அறிவிக்காமல், இழப்பீடும் கொடுக்காமல் ஆளைக் குறைக்கும் வழி இது என்று. அது உண்மையாக இருக்கும் இடங்களில் ஒரு சிக்கல் உண்டு. கட்டாயப்படுத்தினால் முதலில் கிளம்புபவர், வெளியே உடனே வேறு வேலை கிடைக்கக்கூடியவர். யார் போக வேண்டும் என்று நிறுவனம் தேர்ந்தெடுக்கவே முடியாத ஆட்குறைப்பு அது.

இடம் அவிழ்ந்ததால் எச்ஆர் தலையில் விழுந்தவை:

1. அருகாமைச் சாய்வு. மேலாளர் கண்முன் இருப்பவருக்கு நல்ல வேலையும் நல்ல மதிப்பெண்ணும் தானாகப் போவது. வாரத்தில் யார் எத்தனை நாள் வந்தார்கள் என்பதையும் யாருக்குப் பதவி உயர்வு கிடைத்தது என்பதையும் ஒன்றாக வைத்துப் பார்க்காத நிறுவனத்துக்கு, இது நடப்பதே தெரியாது.
2. நாள் ஒருங்கிணைப்பு. "எப்போது வேண்டுமானாலும் இரண்டு நாள்" என்று விட்டால், அலுவலகம் வந்து தனியாக உட்கார்ந்து வீடியோ மீட்டிங்கில் பேசிவிட்டுப் போகும் கூத்து நடக்கும். மேலே சொன்ன சோதனையில் வீட்டு நாட்கள் எல்லோருக்கும் ஒரே நாட்களாக, புதனும் வெள்ளியும் என்று, இருந்ததைக் கவனிக்க வேண்டும்.
3. எல்லை தாண்டும் லேப்டாப். ஊழியர் வேறு நாட்டில் போய் உட்கார்ந்தால் அவருடைய வருமான வரி எந்த நாட்டுக்கு, எந்தத் தொழிலாளர் சட்டம் பொருந்தும், அங்கே நிறுவனத்துக்கே வரிப் பொறுப்பு வருமா என்ற கேள்விகள் எழும். பல வரி ஒப்பந்தங்களில் 183 நாள் ஒரு எல்லைக்கோடு. முன்பு பெரும்பாலான மனிதவள அதிகாரிகள் அந்தக் கணக்கை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது: நேரம்

"நான்கு நாள் வாரம்" என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு ஏற்பாடுகள் உலவுகின்றன. ஒன்றில் சம்பளம் குறையாமல் மொத்த மணி நேரம் குறைகிறது. மற்றொன்றில் அதே மணி நேரத்தை நான்கு நீண்ட நாட்களில் அடைக்கிறார்கள், 2022-இல் பெல்ஜியம் சட்டமாக்கியது இதைத்தான். யாராவது நான்கு நாள் வாரம் என்றால் முதலில் எது என்று கேளுங்கள்.

முதல் வகையில் பெரிதாகப் பேசப்பட்டது 2022-இல் பிரிட்டனில் நடந்த ஆறு மாதச் சோதனை. 61 நிறுவனங்கள், ஏறத்தாழ 2,900 ஊழியர்கள். முடிந்தபோது 56 நிறுவனங்கள் தொடர்வதாகச் சொல்லின, அவற்றில் 18 நிரந்தரமாகவே ஏற்றுக்கொண்டன. நல்ல செய்திதான். ஆனால் அந்த 61-ம் தாமாக முன்வந்தவை, ஏற்கெனவே நம்பிக்கையோடு வந்தவை. வெட்டித்தள்ள ஏராளமான மீட்டிங்குகள் இருக்கும் அலுவலகத்தில் ஒரு நாளை எடுத்துவிடுவது எளிது. மருத்துவமனை வார்டிலோ தொழிற்சாலை ஷிப்டிலோ ஒரு நாளை எடுத்தால் அந்த இடத்தில் இன்னொரு ஆளை நிறுத்த வேண்டும். ஒரே நிறுவனத்துக்குள் மேசை வேலைக்காரர்களுக்கு நான்கு நாள், கிடங்கில் நிற்பவர்களுக்கு ஆறு நாள் என்றானால், அந்தக் கசப்பைக் கையாளப்போவதும் எச்ஆர்தான்.

நேரத்தின் இன்னொரு பக்கம், அது முடியாமல் நீள்வது. போன் கையில் இருக்கும்வரை அலுவலகம் மூடுவதில்லை. பிரான்ஸ் 2017 ஜனவரி முதல், 50 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் "தொடர்பைத் துண்டிக்கும் உரிமை" பற்றி ஊழியர்களோடு பேச்சு நடத்த வேண்டும் என்று விதித்தது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்த சட்டப்படி, வேலை நேரத்துக்கு வெளியே வரும் அழைப்புக்கும் செய்திக்கும் பதில் சொல்ல மறுக்கலாம், அந்த மறுப்பு நியாயமற்றதாக இல்லாதவரை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் "பர்ன்அவுட்" என்பதற்கு வரையறை தந்தபோது, அதை நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத தொடர் வேலை அழுத்தத்தால் வரும் ஒரு தொழில்சார் நிலை என்றது. இந்த வேறுபாடு சின்னதாகத் தெரியலாம். நோய் என்றால் ஊழியர் மருத்துவரிடம் போவார், வேலைச் சுமையின் விளைவு என்றால் நிறுவனம் வேலையைத் திருத்த வேண்டும். தியான செயலிக்குச் சந்தா கட்டிக்கொடுத்துவிட்டு டார்கெட்டைத் தொடாமல் விடும் நிறுவனங்கள் இந்த வரையறையைப் படிக்கவில்லை என்றே தோன்றுகிறது.

இங்கேயே "சத்தமில்லாத விலகல்" பற்றியும் சொல்லிவிடலாம். 2022-இல் டிக்டாக்கில் பரவிய சொல் இது. பெயர்தான் குழப்புகிறது, யாரும் விலகுவதில்லை. ஒப்பந்தத்தில் எழுதியதைச் செய்கிறார்கள், எழுதாததைச் செய்வதில்லை. அதைக் குற்றமாகப் பார்ப்பதற்கு முன், அந்தக் கூடுதல் உழைப்பை நிறுவனம் இத்தனை நாள் எந்த விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தது என்று யோசிக்கலாம். பெரும்பாலும் பதவி உயர்வு வரும் என்ற எதிர்பார்ப்புதான் அந்த விலை, அது வராது என்று தெரிந்ததும் உழைப்பும் நின்றது.

இதோடு சேர்த்துக் குழப்பப்படும் "பெரும் ராஜினாமா" வேறு கதை. ஆந்தனி க்ளாட்ஸ் என்ற மேலாண்மைப் பேராசிரியர் 2021-இல் சொன்ன சொல் அது. அந்த ஆண்டு நவம்பரில் மட்டும் அமெரிக்காவில் சுமார் 45 லட்சம் பேர் தாமாக வேலையை விட்டார்கள். பிறகு வேலைச் சந்தை குளிர்ந்தது, விடுபவர்கள் குறைந்தார்கள். அதனால் எல்லோரும் திருப்தியாகிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை, போக இடம் குறைந்திருக்கிறது. வேலையை விடுபவர் விகிதத்தை ஊழியர் திருப்தியின் அளவுகோலாக அறிக்கையில் போடுவது பல நிறுவனங்களில் வழக்கம். வெளியே மழை பெய்வதால் உள்ளே நிற்பவரை விருந்தாளி என்று கணக்கெடுப்பது போலத்தான் அது.

மூன்றாவது: முதலாளி யார்?

சட்டம் பொதுவாக உழைப்பவர்களை இரண்டாகப் பிரிக்கும். ஊழியர், அவருக்குக் குறைந்தபட்ச ஊதியம், விடுப்பு, பணிநீக்கப் பாதுகாப்பு எல்லாம் உண்டு. சுயதொழில் ஒப்பந்ததாரர், அவருக்குப் பேசிய பணம் மட்டும். செயலி வழி வேலை, அதாவது கிக் வேலை, இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டது.

2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் வழக்கில் தந்த தீர்ப்பு இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம். ஒப்பந்தத் தாளில் "சுயதொழில்" என்று எழுதியிருப்பதை நீதிமன்றம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நடைமுறையில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று பார்த்தது. கட்டணத்தை நிர்ணயிப்பது ஊபர். நிபந்தனைகளை எழுதுவது ஊபர். சவாரிகளை அடிக்கடி மறுத்தால் தண்டனை உண்டு. நட்சத்திர மதிப்பீடு குறைந்தால் ஓட்டுநர் வெளியே போக வேண்டியதுதான். பயணியோடு அவர் தனியாகத் தொடர்பு வைத்துக்கொள்ள வழியில்லை. அதனால் அந்த நாட்டுச் சட்டத்தில் இருக்கும் நடுவகையான "வொர்க்கர்" நிலை ஓட்டுநர்களுக்கு உண்டு, குறைந்தபட்ச ஊதியமும் ஊதியத்துடன் விடுப்பும் உண்டு என்று தீர்ப்பானது. செயலி வழி வேலைக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த நெறிமுறையும் இதே திசையில்தான் போகிறது: கட்டுப்பாடு இருப்பதற்கான அறிகுறிகள் தெரிந்தால் ஊழியர் என்றே முதலில் எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்று நிரூபிப்பது நிறுவனத்தின் பொறுப்பு.

செயலி நிறுவனங்களுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். சாதாரண நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களில் கணிசமானோர் ஒப்பந்த ஆட்கள், ஃப்ரீலான்ஸர்கள், ஏஜென்சி வழியாக வந்தவர்கள். இதில் பெரிதாகப் பேசப்படாத ஒரு விசித்திரம் உண்டு. இவர்களை எடுப்பது பல நிறுவனங்களில் மனிதவளத் துறை இல்லை, கொள்முதல் துறை. பேப்பரும் பிரிண்டரும் வாங்கும் அதே வழியில் ஆளும் வாங்கப்படுகிறார். அதனால் மொத்தம் எத்தனை பேர் நமக்காக உழைக்கிறார்கள் என்று கேட்டால் எச்ஆர் சொல்லும் எண்ணும் உண்மையான எண்ணும் ஒத்துப்போவதில்லை. பாதுகாப்புப் பயிற்சி யாருக்கு, புகார் கொடுத்தால் யார் விசாரிப்பது, போகும்போது கணினி அனுமதியை யார் ரத்து செய்வது என்ற கேள்விகள் நடுவில் தொங்குகின்றன. விபத்தோ வழக்கோ வரும் அன்றுதான் அந்த ஆள் யாருடையவர் என்ற பேச்சே எழுகிறது.

நான்காவது: பதவியிலிருந்து திறனுக்கு

இது வேகமாகப் பேசப்படுகிறது, மெதுவாக நடக்கிறது. பட்டம் கேட்காமல் திறனைப் பார்த்து எடுப்போம் என்று பல நிறுவனங்கள் அறிவித்தன. அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலம் 2022-இல் ஆயிரக்கணக்கான அரசு வேலைகளுக்குப் பட்டத் தகுதியை எடுத்தது. ஆனால் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் பர்னிங் கிளாஸ் இன்ஸ்டிட்யூட்டும் 2024-இல் அமெரிக்கத் தரவைப் பார்த்தபோது, இப்படிப் பட்டத் தகுதியை நீக்கியதால் கூடுதலாக உள்ளே வந்தவர்கள் 700 நியமனங்களுக்கு ஒருவர்கூட இல்லை என்று தெரிந்தது. விளம்பரத்தில் ஒரு வரியை அழிப்பது எச்ஆரின் கையில் இருக்கிறது, கடைசியில் தேர்ந்தெடுப்பது மேலாளரின் கையில். அவருக்கு முன்னால் பட்டம் பெற்ற ஒருவரும் பெறாத ஒருவரும் உட்கார்ந்தால், தப்பாகப் போனால் தன்னை யாரும் கேள்வி கேட்காத தேர்வைத்தான் அவர் செய்வார்.

உலகப் பொருளாதார மன்றத்தின் 2025 அறிக்கையில், வேலைக்குத் தேவையான முக்கியத் திறன்களில் 39% 2030-க்குள் மாறும் என்று நிறுவனங்கள் கணித்தன. கணிப்பு என்பதை மறக்க வேண்டாம். ஆனால் அதற்குப் பின்னால் உள்ள ஒரு நடைமுறைப் பிரச்சினை நிஜம். பதவி ஏணியின் கீழ்ப்படி என்பது எளிய, திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளால் ஆனது: முதல் வரைவு எழுதுவது, தரவைச் சரிபார்ப்பது, சின்ன நிரல் எழுதுவது. இன்றைய ஏஐ கருவிகள் நன்றாகச் செய்வதும் இதையேதான். கீழ்ப்படியை எடுத்துவிட்டால் இந்த ஆண்டுக் கணக்கில் லாபம் தெரியும், பத்து ஆண்டு கழித்து அனுபவசாலி எங்கிருந்து வருவார் என்பது எந்தக் கணக்கிலும் தெரியாது.

ஐந்தாவது: மதிப்பிடுவது யார், எது?

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் ஆழமான மாற்றமாகப் படுகிறது, ஏனென்றால் மற்ற நான்கும் அவிழ்ந்த இடத்தை நிரப்ப நிறுவனங்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான். ஆள் கண்முன் இல்லை, நேரம் தெரியவில்லை, விண்ணப்பங்கள் மலையாகக் குவிகின்றன. சரி, இயந்திரம் பார்க்கட்டும் என்ற முடிவு எளிதாக வந்துவிடுகிறது.

அமேசான் உள்ளுக்குள் உருவாக்கிய ஒரு ஆளெடுப்புக் கருவியைக் கைவிட்ட கதை 2018-இல் ராய்ட்டர்ஸ் வழியாக வெளிவந்தது. பத்து ஆண்டுகளாக வந்த விண்ணப்பங்களைக் காட்டி அதைப் பழக்கியிருந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்கள் அனுப்பியவை. ஆகவே ரெஸ்யூமேயில் "பெண்கள் சதுரங்கக் குழுவின் தலைவி" என்பது போல "பெண்கள்" என்ற சொல் வந்தாலே அது மதிப்பெண்ணைக் குறைத்தது. யாரும் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. பழைய தேர்வுகளில் இருந்ததை அது அப்படியே கற்றுக்கொண்டது. இயந்திரத்துக்கு விருப்புவெறுப்பு இல்லை என்று விற்பனையாளர் சொன்னால், அதற்குக் காட்டிய பழைய தேர்வுகளை யார் செய்தார்கள் என்று எச்ஆர் திருப்பிக் கேட்க வேண்டும்.

சட்டங்கள் மெல்ல வந்துகொண்டிருக்கின்றன. நியூயார்க் நகரில் 2023 ஜூலை முதல், தானியங்கி ஆளெடுப்புக் கருவியைப் பயன்படுத்தும் நிறுவனம் ஆண்டுதோறும் அந்தக் கருவி பால், இனம் பார்த்து ஒரு பக்கம் சாய்கிறதா என்று வெளியாரைக் கொண்டு தணிக்கை செய்து முடிவை வெளியிட வேண்டும். 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம், ஆளெடுப்பிலும் பதவி உயர்விலும் பணிநீக்கத்திலும் பயன்படும் கருவிகளை "அதிக ஆபத்து" வகையில் வைத்தது. வேலையிடத்தில் முகத்தையும் குரலையும் வைத்து ஊழியரின் உணர்ச்சியைக் கணிக்கும் கருவிகள் 2025 பிப்ரவரி முதல் அங்கே தடை, மருத்துவக் காரணமும் பாதுகாப்புக் காரணமும் மட்டும் விலக்கு.

அப்புறம் கண்காணிப்பு. விசைப்பலகைத் தட்டல்களை எண்ணும், திரையைப் படம் பிடிக்கும் மென்பொருள்கள் ஊரடங்குக் காலத்தில் நன்றாக விற்றன. சீக்கிரமே, வேலை நடப்பதுபோல் காட்ட மவுஸைத் தானாக அசைக்கும் கருவிகளும் விற்றன. சார்லஸ் குட்ஹார்ட் என்ற பொருளாதார அறிஞர் 1975-இல் பணக் கொள்கை பற்றிச் சொன்னது பிறகு ஒரு பொது விதியாகவே ஆகிவிட்டது: ஒரு அளவுகோலே இலக்காக மாறிவிட்டால் அது நல்ல அளவுகோலாக இருக்காது. தட்டலை எண்ணினால் தட்டல் கிடைக்கும், வேலையும் நடக்கும் என்று யார் சொன்னது?

ஆனால் தரவு ஆபத்து என்றால் அது எப்போதும் அதிநவீன மென்பொருளிலிருந்து வருவதில்லை. ஜெர்மனியில் எச்அண்ட்எம் நிறுவனத்துக்கு 2020-இல் ஹாம்பர்க் தரவுப் பாதுகாப்பு அதிகாரி விதித்த அபராதம் 3.53 கோடி யூரோ. நடந்தது மிகச் சாதாரணமான விஷயம். நியூரம்பர்க் சேவை மையத்தில், விடுப்பு முடிந்து திரும்பியவர்களோடு மேற்பார்வையாளர்கள் "வரவேற்புப் பேச்சு" நடத்தினார்கள். எங்கே போனாய், என்ன நோய், வீட்டில் என்ன பிரச்சினை. அதில் தெரிந்துகொண்டதையும், நடைபாதைப் பேச்சில் கேட்டதையும், சிலரின் மத நம்பிக்கை உட்பட, எழுதிச் சேமித்தார்கள். ஏராளமான மேலாளர்கள் அதைத் திறந்து பார்க்க முடிந்தது. 2019 அக்டோபரில் ஒரு கணினி அமைப்புக் கோளாறால் அது சில மணி நேரம் நிறுவனம் முழுவதும் திறந்துகிடந்ததால்தான் வெளியே தெரிந்தது. அக்கறையாகக் கேட்பதற்கும் கோப்பில் ஏற்றுவதற்கும் நடுவே உள்ள கோட்டை அங்கே யாரும் போடவில்லை.

இப்போது மனிதவளத் துறைக்கு நடைமுறையில் என்ன வேலை

1. வருகைக்குப் பதிலாக விளைவை அளக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்வது எளிது. விளைவை அளக்க, "இந்த ஆள் இந்த மூன்று மாதத்தில் என்ன முடித்திருக்க வேண்டும்" என்று முன்கூட்டியே எழுதத் தெரிந்த மேலாளர் வேண்டும். பெரும்பாலான மேலாளர்கள் நல்ல வேலைக்காரராக இருந்ததால் மேலாளரானவர்கள், இந்தக் கலையை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. மனிதவள பட்ஜெட்டில் மென்பொருளுக்கு ஒதுக்குவதில் ஒரு பங்கையாவது இங்கே திருப்பாவிட்டால் ஹைப்ரிட் எங்கேயும் ஓடாது.

2. ஆண்டுக்கு ஒருமுறை அப்ரைசல் என்பது நீண்ட காலமாகவே தடுமாறுகிறது. அடோபி 2012-இல் அதைக் கைவிட்டு அடிக்கடி பேசும் முறைக்கு மாறியது, மைக்ரோசாஃப்ட் 2013-இல் ஊழியர்களை வரிசைப்படுத்தி ஒரு பங்கினரைக் கட்டாயமாகக் கீழே தள்ளும் முறையைக் கைவிட்டது. அடிக்கடி பேசினாலும் ஊதிய உயர்வுக்கு ஒரு எண் எப்படியும் தேவைப்படும். அந்த எண் எப்படி வந்தது என்று ஊழியருக்கு விளக்க முடிகிறதா என்பதுதான் சோதனை.

3. சம்பள ரகசியம் முடிவுக்கு வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 நெறிமுறைப்படி, விண்ணப்பிப்பவருக்கு ஊதிய வரம்பை முன்பே சொல்ல வேண்டும், பழைய சம்பளம் எவ்வளவு என்று கேட்கக் கூடாது. உறுப்பு நாடுகள் இதைச் சட்டமாக்க 2026 ஜூன் கெடு. அங்கே கிளை வைத்திருக்கும் நிறுவனங்கள் மற்ற நாட்டு ஊழியர்களிடம் மட்டும் எவ்வளவு காலம் ரகசியம் காக்க முடியும் என்று பார்க்கலாம்.

4. யார் பக்கம் என்ற பழைய கேள்வி. 1990-களில் டேவ் உல்ரிச் என்ற மேலாண்மைப் பேராசிரியர் மனிதவளத் துறைக்கு நான்கு பாத்திரங்கள் சொன்னார்: வியூகப் பங்காளி, நிர்வாக நிபுணர், மாற்றத்தை நடத்துபவர், ஊழியர்களுக்காக நிற்பவர். நடைமுறையில் முதல் பாத்திரத்துக்கே எல்லோரும் ஆசைப்பட்டார்கள், "பிசினஸ் பார்ட்னர்" என்று அட்டையில் போட்டுக்கொண்டார்கள். நான்காவது பாத்திரத்துக்கு ஆள் குறைந்தது. இப்போது ஊழியரின் தட்டல், இருப்பிடம், உடல்நிலை, மனநிலை பற்றிய தரவெல்லாம் அதே துறையின் கைக்கு வரும்போது, ஊழியர் அதை நம்பி வாயைத் திறப்பாரா?

5. துறையின் சொந்த வேலை. லீவு இருப்பு, சம்பளச் சீட்டு, கொள்கை விளக்கம் போன்றவற்றுக்கு இனி சாட்பாட் பதில் சொல்லும், பல இடங்களில் ஏற்கெனவே சொல்கிறது. மிஞ்சுவது தகராறு, விதிவிலக்கு, மேல்முறையீடு. ஐரோப்பிய ஏஐ சட்டம் அதிக ஆபத்துக் கருவிகள் எல்லாவற்றுக்கும் மனித மேற்பார்வை வேண்டும் என்கிறது, அந்த மனிதருக்குப் பயிற்சியும், இயந்திரத்தின் முடிவை மாற்றும் அதிகாரமும் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. தாளில் இது நன்றாக இருக்கிறது. ஆனால் நானூறு விண்ணப்பங்களுக்கும் இயந்திரம் ஏற்கெனவே மதிப்பெண் போட்டு வைத்திருக்க, மாலைக்குள் பத்துப் பேரை அனுப்பு என்று மேலாளர் கேட்டுக்கொண்டிருக்கும்போது, பட்டியலின் கீழே கிடக்கும் முந்நூற்றுத் தொண்ணூறைத் திறந்து பார்க்க அந்த எச்ஆர் அதிகாரிக்கு நேரத்தை யார் ஒதுக்குவார்கள் என்பது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை.